கையில் பணம் இருக்கும்போது வீட்டுக் கடன் எதற்கு? கடலூரில் முதல் வீடு வாங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

முதல் வீடு வாங்கக் கிளம்புகிறவர்களில் இரண்டு வகை உண்டு. முன்பணத்துக்கே அலைகிறவர்கள் ஒரு வகை. வங்கி எவ்வளவு தருகிறதோ அவ்வளவு வாங்குவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை. இன்னொரு வகையினர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்து, வீட்டின் விலைக்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ கையில் வைத்திருப்பவர்கள். உண்மையில் தடுமாறுவது இவர்கள்தான். "கையில் காசை வைத்துக்கொண்டு யாராவது கடன் வாங்குவார்களா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். "வங்கிப் பணத்தில் வீட்டை வாங்கு, உன் பணத்தைப் பங்குச் சந்தையில் போடு" என்று அலுவலக நண்பர் சொல்கிறார். இரண்டிலும் பாதி நியாயம் இருக்கிறது.

வங்கியின் கடன் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வட்டி எத்தனை சதவீதம் என்பது இரண்டாவது கேள்வி. பத்திரம் பதிந்த மறுநாள் காலையில் உங்கள் கையில் எவ்வளவு இருக்கும் என்பதுதான் முதல் கேள்வி. சுவருக்குள் போன பணம் நினைத்த நேரத்தில் வெளியே வராது.

கணக்குப் போட ஒரு குடும்பம் வேண்டும். கணவர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயன ஆலையில் பொறியாளர், மனைவி அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 70,000, இவருக்கு 50,000 என்று மாதம் 1.2 லட்சம் ரூபாய் கைக்கு வருகிறது. மஞ்சக்குப்பத்தில் 13,000 ரூபாய் வாடகையில் குடியிருக்கிறார்கள். கூத்தப்பாக்கம் பக்கம் கட்டி முடித்த தனி வீடு ஒன்று 60 லட்சத்துக்கு அமைகிறது. சேமிப்பு மொத்தம் 70 லட்சம்: வங்கி வைப்புத்தொகை 40, பங்குகளில் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்ட் 13, கணவரின் வருங்கால வைப்பு நிதி 11, பொது வருங்கால வைப்பு நிதியான பி.பி.எஃப். கணக்கில் 6.

வீட்டின் விலை 60 லட்சம் என்றால் செலவு 60 லட்சம் அல்ல. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஜூலையில் 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைக்கப்பட்டது. அதே சமயத்தில் வழிகாட்டி மதிப்பு, அதாவது பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் சொத்து மதிப்பு, உயர்த்தப்பட்டது. ஆக 9 சதவீதம், அதாவது 5.4 லட்சம். பத்திர எழுத்தர், வழக்கறிஞர், வண்ணப்பூச்சு, மின்சார வேலை, கதவு ஜன்னல் பழுது, குடிபோகும் செலவு என்று இன்னொரு 2.6 லட்சத்தை ஒதுக்குங்கள். மொத்தம் 68 லட்சம். இந்தக் கூடுதல் 8 லட்சத்துக்கு வீட்டுக் கடன் கிடைக்காது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம்தான் உச்சவரம்பு. அந்த மதிப்பில் பத்திரச் செலவு சேராது.

கடன் வட்டியை 8 சதவீதம் என்றும் வைப்புத்தொகை வட்டியை 6.5 சதவீதம் என்றும் எடுத்துக்கொள்கிறேன். வங்கிக்கு வங்கி சற்று மாறும், வாதம் மாறாது.

முழுவதும் சொந்தப் பணத்தில்

இந்த வழியின் இனிமையை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. மாதத் தவணை இல்லை, வட்டி இல்லை, வங்கிக்கு அலைச்சல் இல்லை. ஒரே தவணையில் பணம் கொடுக்கிற ஆளுக்கு விற்பவர் விலையில் இறங்கி வருவார். அவசரமாக விற்கிறவர் என்றால் ஓரிரு லட்சம் குறைவது வழக்கமான ஒன்று. கடன் என்ற சொல்லைக் கேட்டாலே தூக்கம் வராத மனிதர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு.

ஆனால் நம் குடும்பம் 68 லட்சத்தையும் தானே கட்டினால் மிஞ்சுவது 2 லட்சம். அதற்காக வருங்கால வைப்பு நிதி வரை எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். அந்த நிதிக்கு 2024-25ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட வட்டி 8.25 சதவீதம்; பெரும்பாலானோருக்கு அதில் வரியும் இல்லை. 8 சதவீதக் கடனைத் தவிர்ப்பதற்காக 8.25 சதவீதம் ஈட்டும் பணத்தை எடுப்பது எந்த வகையிலும் கணக்கில் சேராது. எடுத்த தொகையைப் பிறகு மொத்தமாகத் திருப்பிப் போடவும் முடியாது. பி.பி.எஃப். வட்டி 7.1 சதவீதம், வரி இல்லாதது. அதையும் தொடாமல் இருப்பதே நல்லது.

அடுத்தது வேலை. தனியார் ஆலையில் வேலை பார்ப்பவருக்கு ஓர் ஆண்டு இடைவெளி வந்துவிட்டால் 2 லட்சம் எத்தனை மாதம் தாங்கும்? "அப்போது வீட்டை அடமானம் வைத்துக்கொள்ளலாமே" என்பார்கள். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வங்கி வீட்டைப் பார்த்து மட்டும் கடன் தருவதில்லை. மாதச் சம்பளத்தைப் பார்த்துத் தருகிறது. வேலை இருக்கும்போது, அவ்வளவாகத் தேவைப்படாத கடன் சுலபமாகக் கிடைக்கும். வேலை போன பிறகு, உயிர்போகத் தேவைப்படும் கடன் கிடைக்காது. கிடைத்தாலும் சொத்து அடமானக் கடனின் வட்டி வீட்டுக் கடன் வட்டியைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். வாங்கும் நேரத்தில் மட்டுமே வீட்டுக் கடன் இவ்வளவு மலிவு.

கடலூரில் வாழ்கிறவர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் புயலை அடுத்து சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை கரை புரண்டது என்று இந்த ஊரின் அண்மைக் கால வரலாறே இப்படித்தான். தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு, பரவனாறு என்று நான்கு ஆறுகள் கடலைத் தேடிவரும் தாழ்நிலம் இது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று வடிந்தால் மறுநாளே பணம் வேண்டும். காப்பீட்டுத் தொகை வர நாளாகும். கடலூரில் சேமிப்பைத் துடைத்தெடுத்து வீடு வாங்குகிறவரைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

முழுப் பணத்தோடு வருகிறவரைச் சூழும் இன்னோர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். "பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பைப் போட்டுக்கொள்வோம், மீதியை ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கும் பத்திரச் செலவு மிச்சம்" என்று தரகர் மெதுவாக ஆரம்பிப்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள். சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கூடாது; வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. அபராதம் விற்பவருக்குத்தானே என்று நினைக்க வேண்டாம். நாளை நீங்கள் அதே வீட்டை விற்கும்போது வாங்கிய விலை குறைவாக இருப்பதால் லாபம் பெருத்துக் காட்டும், அதற்கான வரி உங்கள் தலையில் விழும். கிரயத்தில் ஏதாவது வில்லங்கம் கிளம்பினால் ரொக்கமாகக் கொடுத்ததற்குச் சாட்சியே இல்லை. வங்கிக் கடன் இருந்தால் பத்திரத்தில் குறைத்துப் போடுவது வாங்குபவருக்கே பாதகம், ஏனென்றால் கடன் தொகையும் குறையும். இந்தப் பேச்சு எழாமலேயே போய்விடும்.

அதேபோல, 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள கிரயத்தில் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். நம் குடும்பத்துக்கு அது 60,000 ரூபாய். விற்பவரின் பணத்திலிருந்து போவது. ஆனால் பிடித்துக் கட்டவில்லை என்றால் வருமான வரித்துறை கேட்பது உங்களைத்தான். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 1 சதவீதமும் 50 லட்ச வரம்பும் பொருந்தாது. பிடிக்க வேண்டிய தொகை பெரியது. நம் பகுதியில் சிங்கப்பூர், வளைகுடா, பிரான்ஸ் என்று சொத்துக்காரர்கள் பரவியிருப்பதால் முன்பணம் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆடிட்டரைப் பார்த்துவிட வேண்டும்.

முடிந்த மட்டும் கடன், சேமிப்பு முதலீட்டில்

இது நேர் எதிர்த் துருவம். 60 லட்ச வீட்டுக்கு 48 லட்சம் கடன், 20 ஆண்டு. மாதத் தவணை சுமார் 40,150 ரூபாய். 20 ஆண்டில் கட்டும் மொத்தத் தொகை 96 லட்சத்தைத் தாண்டும். வட்டி மட்டும் 48 லட்சத்துக்கு மேல், அதாவது வாங்கிய கடன் அளவுக்கு இன்னொரு பங்கு. கையில் 50 லட்சம் நிற்கும்.

அந்த 50 லட்சத்தைப் பங்குச் சந்தையில் போட்டு நீண்ட காலம் பொறுத்திருந்தால் 8 சதவீதத்துக்கு மேல் ஈட்டலாம் என்பது இதை ஆதரிப்பவர்களின் வாதம். ஈட்டலாம், உறுதி இல்லை. கடன் வட்டியோ உறுதி. என் அனுபவத்தில் இந்த வாதத்தைச் சொல்லிப் பெரிய கடன் வாங்கியவர்களில் பலர் கடைசியில் சேமிப்பை வைப்புத்தொகையிலேயே விட்டுவைத்தார்கள். 6.5 சதவீதத்துக்குக் கொடுத்துவிட்டு 8 சதவீதத்துக்கு வாங்குவது அது. பிறகு அந்தப் பணம் ஒரு கார், ஒரு கல்யாணம், மைத்துனரின் கடை என்று கரைந்துபோகும். சந்தை முப்பது சதவீதம் விழுந்த மாதத்திலும் கலங்காமல் 40,000 தவணை கட்டியபடி முதலீட்டைத் தொடாமல் இருந்தவர் என்றால், அதை ஏற்கெனவே ஒருமுறை செய்து காட்டியவர் என்றால், அவருக்கு இந்த வழி பொருந்தும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வட்டி ஏறுவதையும் யோசிக்க வேண்டும். 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் புதிய வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோல் ஒன்றோடு, பெரும்பாலும் ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தோடு, கட்டப்பட்டிருக்கின்றன. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதம். ஓர் ஆண்டுகூட ஆகவில்லை, இரண்டரை சதவீதம் ஏறிவிட்டது. 7 சதவீதத்தில் 20 ஆண்டுக் கடனைப் புதிதாகத் தொடங்கியவருக்கு ஒரு லட்சத்துக்குத் தவணை 775 ரூபாய். அது 9.5 ஆனால் மாத வட்டி மட்டுமே ஒரு லட்சத்துக்கு 792 ரூபாய்! தவணை மொத்தமும் வட்டிக்கே போதவில்லை. அசல் குறைவதற்குப் பதில் கூடத் தொடங்கும். வங்கிகள் தவணையை உயர்த்தாமல் காலத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போனதால் ஓய்வு வயதைத் தாண்டியும் கடன் நீண்டவர்கள் உண்டு. அதன் பிறகுதான் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில், தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும் என உத்தரவிட்டது. 2025இல் ரெப்போ படிப்படியாக 5.25 வரை இறங்கியது. இறங்கியது மறுபடி ஏறாது என்று யாரும் எழுதித் தரவில்லை. கடன் சிறியதாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் ஒரு தொந்தரவு. பெரியதாக இருந்தால் குடும்பத்தையே ஆட்டிவைக்கும்.

வரிச் சலுகைக்காகப் பெரிய கடன் என்ற பழைய அறிவுரையும் இன்று பெரும்பாலும் செல்லாது. சொந்தக் குடியிருப்புக்கான கடன் வட்டியில் 2 லட்சம் வரையும், அசலில் 1.5 லட்சம் வரம்புக்குள்ளும் கழித்துக்கொள்ளும் வசதி பழைய வரி முறையில்தான். புதிய முறையில் இரண்டும் இல்லை. 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லை என்றாகிவிட்ட பிறகு, நம் குடும்பத்தைப் போன்றவர்கள் பழைய முறையில் தங்கக் காரணம் இல்லை. பழைய முறையிலேயே இருப்பவர்களுக்கும் 25 லட்சம் கடன் போதும். அதன் முதல் ஆண்டு வட்டியே ஏறக்குறைய 2 லட்சம்.

நடுவழி: 25 லட்சம் கடன், கைவசம் 10 லட்சம்

என் ஓட்டு இதற்குத்தான். 68 லட்சத்தில் 43 லட்சம் சொந்தப் பணம்: வைப்புத்தொகையிலிருந்து 30, ஃபண்டிலிருந்து 13. மீதி 25 லட்சம் கடன். வைப்புத்தொகையில் 10 லட்சமும், தொடாத வருங்கால வைப்பு நிதியும் பி.பி.எஃப்.பும் அப்படியே இருக்கும்.

இந்த 10 லட்சத்தையும் கொடுத்துக் கடனை 15 லட்சமாகக் குறைக்கலாமே என்று கணக்குத் தெரிந்தவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் பணத்துக்கு 8 சதவீதம் கொடுக்கிறீர்கள், 6.5 வாங்குகிறீர்கள். வரி கட்டத் தேவையில்லாதவருக்கு ஆண்டுக்கு இழப்பு 15,000 ரூபாய். 20 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்குச் செஸ் (வரியின் மேல் வரும் கூடுதல் வரி) சேர்த்து சுமார் 28,500. பத்து லட்சம் ரூபாயை எந்த நேரமும் எடுக்கும்படி வைத்திருப்பதற்கான கட்டணம் அது. மாதம் ஆயிரத்துச் சில்லறை முதல் இரண்டாயிரத்துச் சில்லறை வரை. வேலை போகும் பயமும் வெள்ள பயமும் உள்ள ஊரில் இது மலிவு என்பதே என் தீர்மானம்.

எத்தனை ஆண்டுக்கு வாங்குவது? 25 லட்சத்துக்கு 10 ஆண்டு என்றால் மாதம் 30,330 ரூபாய், மொத்த வட்டி 11.4 லட்சம். 15 ஆண்டு என்றால் 23,890 ரூபாய், வட்டி 18 லட்சம். 20 ஆண்டு என்றால் 20,910 ரூபாய், வட்டி 25 லட்சத்தைத் தாண்டும். பத்தைப் பார்த்ததும் அதுதான் சிக்கனம் என்று தோன்றும். நான் 15 ஆண்டுக்கு வாங்கி, முடிந்தபோதெல்லாம் கூடுதலாகக் கட்டச் சொல்வேன். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கி அபராதம் வாங்க முடியாது. இது 2012 முதலே உள்ள விதி. 23,890 ரூபாய்த் தவணையோடு ஆண்டுக்கு ஒரு லட்சம் கூடுதலாகக் கட்டினால் 15 ஆண்டுக் கடன் ஒன்பதரை ஆண்டுக்குள் முடிந்துவிடும். தவணை என்பது ஒப்பந்தம், கட்டாயம். கூடுதல் கட்டணம் உங்கள் விருப்பம். பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் ஆண்டில் நிறுத்திக்கொள்ளலாம். கூடுதலாகக் கட்டும்போது தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு சோதனையும் செய்து பார்க்கலாம். இருவரில் ஒருவர் சம்பளம் நின்றுபோனால், மற்றவர் சம்பளத்தில் தவணையும் சோறும் நடக்குமா? ஆசிரியையின் 50,000 ரூபாயில் 23,890 போனாலும் வீடு ஓடும். 40,150 போனால் ஓடாது. கடன் அளவை முடிவு செய்ய இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியாது.

எதை உடைப்பது என்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் வங்கி வைப்புத்தொகை. முதிர்வுத் தேதிக்கு முன் எடுத்தால் வட்டி சற்றுக் குறையும், அவ்வளவுதான். அடுத்து ஃபண்ட். 13 லட்சத்தில் 5 லட்சம் நீண்டகால லாபம் என்று வைத்தால், 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீதம், அதாவது சுமார் 47,000 ரூபாயும் செஸ்ஸும் வரி வரும். ஆனால் விற்ற தொகை முழுவதையும் குடியிருப்பு வீடு வாங்கப் பயன்படுத்தினால் அந்த லாபத்துக்கு விலக்கு கேட்கலாம். விற்பதற்கு ஓராண்டு முன்போ விற்ற இரண்டு ஆண்டுக்குள்ளோ வீடு வாங்கியிருக்க வேண்டும். விற்ற நாளில் வேறு வீடு ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. புது வீட்டை மூன்று ஆண்டுக்குள் விற்கக் கூடாது. முதல் வீடு வாங்குகிறவருக்கு இந்த விலக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்தும், புதிய வரி முறையிலும் உண்டு. ஃபண்ட் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயர் பத்திரத்தில் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். மகள் பெயரில் உள்ள செல்வமகள் கணக்கு இந்த வரிசையிலேயே வராது.

ஓவர் டிராஃப்ட் வகைக் கடன்

நடுவழியின் மேம்பட்ட வடிவம் இது. ஸ்டேட் வங்கியின் மேக்ஸ்கெயின் இதற்குப் பரவலாக அறியப்பட்ட உதாரணம். வேறு வங்கிகளிலும் வேறு பெயர்களில் கிடைக்கிறது. 25 லட்சம் கடன் வாங்கி, கைவசம் உள்ள 10 லட்சத்தைக் கடன் கணக்கிலேயே போட்டு வைத்தால், அது இருக்கும் வரை 15 லட்சத்துக்கு மட்டுமே வட்டி. தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம். சாதாரணக் கடனைவிட வட்டி கால் சதவீதம் கூடுதல் என்று வைத்தாலும் 15 லட்சத்துக்கு ஆண்டுக்கு 3,750 ரூபாய்தான். மேலே சொன்ன 15,000 அல்லது 28,500 ரூபாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கணக்குப்படி இதுவே சிறந்தது. குணத்துப்படி எல்லோருக்கும் ஆகாது. கணக்கில் கண்ணெதிரே கிடக்கும் பணத்தை நகைக்கும் தொலைக்காட்சிக்கும் எடுத்துவிட்டால் கடன் குறையாமலே நிற்கும். வீட்டில் வரவு செலவு எழுதும் பழக்கம் உள்ளவர்கள் இதை எடுக்கலாம்.

நகை, கைமாற்று, சீட்டு

நகைக்கடனைப் பாலமாக மட்டும் வையுங்கள். இரண்டு மாதத்தில் முதிரும் வைப்புத்தொகையை இப்போதே உடைக்காமல் இருக்க நகையை வைப்பது புத்திசாலித்தனம். வீட்டு விலையின் ஒரு பகுதியையே நகைக்கடனில் கட்டுவது, ஆண்டுதோறும் வட்டி கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே போகும் சுழல். வைப்புத்தொகையின் மீதே கடன் வாங்கினால் பெரும்பாலும் அந்த வைப்பு வட்டிக்கு மேல் ஒரு சதவீத அளவில் முடியும். குறுகிய காலத்துக்கு அது நகைக்கடனைவிட நல்லது.

உறவினர்களிடம் கைமாற்று வாங்குவதாக இருந்தால் வங்கி வழியாக வாங்கி, எழுத்தில் வையுங்கள். அண்ணன் தம்பி உறவு கெட்டுப்போனதற்கு வட்டி கேட்டது காரணமாக இருப்பதில்லை, எப்போது திருப்புவது என்று பேசாமல் விட்டதே காரணமாக இருக்கும். சீட்டு எடுப்பதானால் பதிவு பெற்ற நிறுவனத்தில். ஏலத்தில் தள்ளிவிட்ட தொகையைக் கூட்டிப் பார்த்தால் வீட்டுக் கடனைவிட அது மலிவாக அமைவது அரிது.

வீடு தேடும் காலத்தில் பணத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைக்குத்தான் வைப்புக் காப்பீடு. வீட்டுப் பணத்தைச் சிறிய நிதி நிறுவனத்தில் கூடுதல் வட்டிக்குப் போட்டு, அசலையே தேடி அலைந்த குடும்பங்களின் துயரத்தை நம் மாவட்டம் அறியும்.

நடுவழி பொருந்தாத இருவர்

நெய்வேலியில் நிறுவனக் குடியிருப்பிலேயே பணிக்காலம் முழுவதும் கழித்தவருக்கு ஓய்வு பெறும் நேரத்தில்தான் முதல் வீடு. பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் மொத்தமாக வரும். இனி சம்பளம் வராது. அவருக்குக் கடனே வேண்டாம் என்பேன். ஆனால் வீட்டின் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வந்த தொகையில் பாதிக்கு மேல் வீட்டுக்குப் போனால், அடுத்த இருபது ஆண்டு மருந்துச் செலவுக்குப் பிள்ளைகள் கையைப் பார்க்க நேரிடும். 60 லட்ச வீட்டுக்குப் பதில் 40 லட்ச வீடு என்பது அவருக்கு எந்தக் கடன் திட்டத்தைவிடவும் பெரிய சேமிப்பு.

வளைகுடாவிலிருந்து திரும்பப் போகிறவருக்கு நிலைமை வேறு. கடன் வேண்டும் என்றால் வேலையை விடுவதற்கு முன்பே, சம்பளச் சீட்டும் ஒப்பந்தமும் கையில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். ஊருக்கு வந்து கடை வைத்த பிறகு கேட்டால், இரண்டு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கைக் கேட்பார்கள். அதுவரை விற்பவர் காத்திருக்க மாட்டார்.

மனை வாங்கிக் கட்டுகிறவர்களுக்கு ஒரு வரி. வங்கி கட்டுமானக் கடனை அடித்தளம், கூரை என்று நிலை நிலையாகத் தரும், உங்கள் பங்கை முதலில் போடச் சொல்லும். மேஸ்திரி சொன்ன மதிப்பீடு தாண்டாத வீட்டை நான் பார்த்ததில்லை. ஆகவே 10 லட்சம் போதாது, 15 லட்சமாவது கைவசம் வேண்டும்.

கடன் வாங்காவிட்டாலும் வங்கியைப் போலப் பாருங்கள்

சிறு கடனாவது வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம், வங்கி வழக்கறிஞரின் ஆய்வு. தாய்ப் பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கம், பட்டா, புல வரைபடம், மனைப் பிரிவு அங்கீகாரம், கட்டட வரைபட அனுமதி எல்லாவற்றையும் அவர் கேட்பார். அவர் வங்கிக்காகப் பார்க்கிறார், உங்களுக்காக அல்ல. என்றாலும் ஓட்டைகள் தெரிந்துவிடும். நகர விளிம்பில் அங்கீகாரம் இல்லாத மனைகள் ஏராளம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றின் பதிவுக்குத் தடை விதித்தது. 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. வரன்முறை ஆணை இல்லாத மனைக்கு வங்கி மறுத்துவிட்டால், "சரி, ரொக்கத்தில் வாங்கிக்கொள்கிறேன்" என்று முன்னே போகாதீர்கள். அந்த மறுப்பே உங்களுக்குக் கிடைத்த சட்ட ஆலோசனை.

முழுப் பணம் கட்டி வாங்குகிறவர் இதே ஆய்வைச் சொந்த வழக்கறிஞரிடம் காசு கொடுத்துச் செய்ய வேண்டும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் பதிவு செய்யாமல் அசல் பத்திரத்தை எங்காவது ஒப்படைத்து வாங்கிய கடன் அதில் தெரியாமல் போகலாம். ஆகவே அசல் தாய்ப் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். மழைக்காலத்தில் ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போய், 2015இலும் 2024இலும் தண்ணீர் எது வரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். வங்கி மதிப்பீட்டாளர் அதைக் கேட்பதில்லை.

காப்பீட்டில் இரண்டு வேறுபட்ட விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். கடன் கையெழுத்தாகும் நாளில் நீட்டப்படும் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியின் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்துவிடுவார்கள். அதற்கும் காலமெல்லாம் வட்டி. அது கட்டாயம் இல்லை. கடன் அளவுக்குத் தனியாக ஒரு டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுத்தால் மலிவு. கடனை வேறு வங்கிக்கு மாற்றினாலும் கூடவே வரும். கட்டடத்துக்கான காப்பீடு வேறு, அதை விடக் கூடாது. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி வெள்ளம், புயல், நிலநடுக்கம் மூன்றையும் சேர்த்தது. நிலத்தின் விலைக்கு அல்ல, கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவுக்கு எடுப்பது என்பதால் பிரீமியம் பயப்படும் அளவுக்கு வராது. கடன் இல்லாமல் வாங்கியவர்களை வற்புறுத்த ஆள் இல்லாததால் அவர்களே இதை அதிகம் தவறவிடுகிறார்கள்.

கடன் முடிந்த பிறகு செய்ய வேண்டியதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். முழுத்தொகையும் கட்டிய 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். அதன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி இது. பத்திரத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டால் வேலை முடியவில்லை. கடன் வாங்கும்போது பதிவான ஆவண ஒப்படைப்பு வில்லங்கத்தில் அப்படியே நிற்கும். வங்கி அதிகாரியைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரவழைத்து ரசீது ஆவணம் பதிந்து, புதிய வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் தீர்ந்ததாகப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பார்த்து, அந்தச் சான்றையும் பத்திரத்தோடு சேர்த்து வைக்க வேண்டும்.